எழுப்பாமல் விட்ட ஞாயிறு

"பி நெகட்டிவ் ரத்தம் உடனே வேணும். எங்ககிட்ட இருந்ததை ஏத்தியாச்சு" என்று டாக்டர் அம்மா சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளே என் மனைவி கிரேஸ் கிடந்தாள். பிள்ளை பிறந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. என் மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு "ஏசப்பா, ஏசப்பா" என்று அழுதார்கள்.

அது 2012-ஆம் வருடம் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சபையார் முன்னால் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால், எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு ஆளைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

நான் சாத்தான்குளம் பக்கத்துக்காரன். ஒரகடத்தில் காருக்குப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. எங்கள் சபை அப்போது கூட்ரோடு சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு தகர ஷெட்டில் கூடியது. அங்கே நான் வாலண்டியர். காலையில் வந்து நாற்காலி போடுவது, வாசலில் நின்று வருகிறவர்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லி உட்கார வைப்பது, காணிக்கைப் பை பிடிப்பது, ஆராதனையில் தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்புவது எல்லாம் எங்கள் பொறுப்பு.

அந்த ஆளின் பெயர் ஏழுமலை. மணிமங்கலத்துக்காரர். வேறொரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட். அவருடைய மனைவி நிர்மலா அக்கா விசுவாசி, பாடல் குழுவில் இருக்கிறார்கள். இவருக்கு விசுவாசமும் கிடையாது, இருப்பதுபோல் காட்டிக்கொள்ளும் மரியாதையும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அக்கா பாட்டுப் பழகச் சீக்கிரமே வந்துவிடுவார்கள். வீட்டுச் சாவி அவர்கள் கையில். அதனால் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இவர் நேராக ஷெட்டுக்கு வருவார். கடைசி வரிசையில், ஃபேனுக்கு நேர் கீழே, இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுக் காலை நீட்டிவிடுவார். யூனிஃபார்ம் கூட மாற்றாமல், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, அப்படி ஒரு குறட்டை.

ஒன்பது மணிக்கு முதல் பாட்டு. அப்போது நான் போய் எழுப்புவேன்.

"எந்திரிங்க அண்ணாச்சி, ஆராதனை ஆரம்பிச்சாச்சு."

"அண்ணாச்சியா? நான் இன்னா மளிகைக் கடையா வெச்சிருக்கேன்?"

"தூங்கணும்னா வீட்டுக்குப் போங்க. இது சபை, லாட்ஜ் இல்ல."

"கம்பெனில கண்ணு அசந்தா சூப்பர்வைசர் வந்து நிக்கிறான். இங்க வந்தா நீ வந்து நிக்கிற. உனக்கு யாருபா சம்பளம் குடுக்குறது?"

வாராவாரம் இதே கூத்து. மற்ற வாலண்டியர்கள் அவர் பக்கமே போகமாட்டார்கள். நான் விடமாட்டேன். ஒருநாள் என் சட்டையைப் பிடித்துவிட்டார். "இன்னொரு வாட்டி மேல கைய வெச்சுப் பாரு, நடக்குறதே வேற" என்றார். "வெப்பேன், என்ன செய்வீங்க?" என்றேன் நானும். நிர்மலா அக்கா நடுவில் வந்து பிரித்துவிட்டார்கள். அவரை உள்ளே விடக்கூடாது என்று பாஸ்டர் ஐயாவிடம் சொன்னேன். "ஜெபம் பண்ணுங்க தம்பி" என்றார். பண்ணினேன். "ஆண்டவரே, இந்த ஆளை எழுப்பும், இல்லை எங்கேயாவது அனுப்பிவிடும்" என்று தினமும் முழங்காலில் நின்று கேட்டேன்.

எழுப்பக் குனியும்போதெல்லாம் நெஞ்சின்மேல் கிடக்கும் அந்த அட்டை என் கண்ணில் படும். எல்லாக் கம்பெனி அட்டையிலும் ரத்தப் பிரிவு போட்டிருப்பார்களே, இவருடையது பி நெகட்டிவ். வீட்டில் வந்து, "ஆளைப் போலவே ரத்தமும் நெகட்டிவ்" என்று சிரித்தேன். கிரேஸ் முறைத்தாள். "எனக்கும் அதே ரத்தந்தான். அப்ப நானும் அப்படித்தானா?" என்றாள். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

அவளுக்கு அரிதான ரத்தம், ஆள் பார்த்து வையுங்கள் என்று டாக்டர் அம்மா முன்பே சொல்லியிருந்தார். கிரேஸின் அண்ணனுக்கும் அதே பிரிவு. பிரசவ நேரத்துக்கு ஊரிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் குழந்தை அவசரப்பட்டுவிட்டது. சனிக்கிழமையே வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஞாயிறு காலையில் நர்ஸ், "சாயங்காலம் ஆயிடும்" என்றார். "நீங்க இங்க நின்னு என்ன செய்யப் போறீங்க மாப்ள? போயி ஜெபிச்சிட்டு வாங்க" என்று மாமியார் அனுப்பிவைத்தார்கள்.

நான் சபைக்குள் நுழையும்போது முதல் பாட்டு தொடங்கிவிட்டது. கடைசி வரிசையில் மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர்போல அந்த ஆள் மல்லாந்து கிடந்தார். என் மனைவி அங்கே வலியில் துடிக்கிறாள், இவருக்கு என்ன தூக்கம் என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இன்று அவரா நானா என்று பார்த்துவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். தோளைத் தொடக் கையை நீட்டினேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"பொம்பளப் பிள்ள பொறந்துட்டு மாப்ள. ஆனா கிரேசுக்கு ரத்தம் நிக்கல. ஓடி வாங்க!"

நீட்டிய கையை அப்படியே எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து யார் யாருக்கோ போன் போட்டேன். கிரேஸின் அண்ணன் பஸ் ஏறினாலும் வந்து சேர மறுநாள் ஆகும். கம்பெனி லைனில் என்னோடு வேலை பார்க்கும் பையன்கள் எத்தனையோ பேர் வரத் தயாராக இருந்தார்கள், ஒருவருக்கும் அந்த ரத்தம் இல்லை. கேட்ட ரத்த வங்கிகளிலெல்லாம் இல்லை என்றார்கள். மாடிப்படிக்குக் கீழே போய் முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, அவளை எனக்குத் திருப்பித் தாரும்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அப்போதுதான் அந்த அட்டை என் கண்முன் வந்து நின்றது.

பொய் சொல்லமாட்டேன். "அந்த ஆளா? உமக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா ஆண்டவரே?" என்றுதான் முதலில் கேட்டேன். பிறகு பாஸ்டர் ஐயாவுக்குப் போன் போட்டேன். ஆராதனை அப்போதுதான் முடிந்திருந்தது.

"ஐயா, கடைசி வரிசையில ஏழுமலை இருக்காரா?"

"இன்னும் தூங்குறார் தம்பி. நீங்க இல்ல, யாரும் எழுப்பல."

"எழுப்புங்க ஐயா. நான் கால்ல விழுறேன்னு சொல்லுங்க."

பாஸ்டர் ஐயாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, கசங்கின யூனிஃபார்மோடு வந்து இறங்கினார். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கக் கூடாது என்று வழியிலேயே இட்லி வாங்கிக் கொடுத்திருந்தார் ஐயா. ஏழுமலை என்னைப் பார்த்தார். "போன்லயும் எழுப்புறியாபா நீ?" என்றார். வேறொன்றும் கேட்காமல் உள்ளே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் இருந்த சிஸ்டர் அவர் உடையைப் பார்த்தார். "நைட் ஷிஃப்ட்டா? நைட் டூட்டி முடிச்சிட்டுத் தூங்காம வர்றவங்ககிட்ட நாங்க எடுக்க மாட்டோம்."

எனக்கு உயிரே போய்விட்டது. ஏழுமலை சிரித்தார்.

"தூங்காமயா? ஏம்மா, காலைல ஏழு மணிக்குப் படுத்தவன் நான். ஒன்பது மணிக்கு எழுப்புறதுக்குன்னே ஒருத்தன் கீறான். இன்னிக்கு அவன் வரல. ஒரே தூக்கம்."

"எங்க தூங்குனீங்க?"

"சர்ச்சுல."

சிஸ்டர் நம்பாமல் என்னைப் பார்த்தார். "ஆமா சிஸ்டர். நல்லாத் தூங்குனாரு. நான் பார்த்தேன்" என்றேன். ஆண்டவருக்காக எத்தனையோ கூட்டத்தில் சாட்சி சொல்லியிருக்கிறேன். ஏழுமலையின் தூக்கத்துக்குச் சாட்சி சொன்னபோதுதான் எனக்குக் குரல் நடுங்கியது.

சோதனை எல்லாம் முடிந்து அவர் ரத்தம் கிரேஸுக்குள் இறங்கியது. சாயங்காலம் ரத்தப்போக்கு நின்றது. அவள் கண் திறந்து, "பிள்ளைக்கு யார் சாயல்?" என்று கேட்டாள். நான் வாய்விட்டு அழுதேன். நான் அவரை எழுப்பும் என்றும் அனுப்பிவிடும் என்றும் கேட்டேன். ஆண்டவர் இரண்டையும் செய்யாமல் அவரை அங்கேயே தூங்கவைத்தார்.

அடுத்த ஞாயிறு நானே ஃபேனுக்குக் கீழே இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு வைத்தேன். அவர் சந்தேகமாகச் சுற்றி வந்தார். "இன்னாபா, ஊக்கு கீக்கு வெச்சிருக்கியா?"

"படுங்க அண்ணாச்சி."

"மறுபடியும் அண்ணாச்சியா?" என்று திட்டிவிட்டுத்தான் படுத்தார்.

இப்போது கடைசி வரிசை முழுவதும் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்கு. பாஸ்டர் ஐயாவிடம் நான்தான் கேட்டு வாங்கினேன். நானும் ஏழுமலையும் சிநேகிதர்கள் ஆகிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். ஷூவை வாசலுக்கு நடுவில் கழற்றிப் போட்டுவிட்டு வருவார், நான் கத்துவேன். அவர் விசுவாசத்துக்கு வந்துவிட்டாரா என்று கேட்கிறார்கள். அது அவருக்கும் ஆண்டவருக்கும் இடையில். ஆனால் வீட்டில் நாங்கள் மூன்று பேரும் அவர் பெயரைச் சொல்லாமல் ஒருநாளும் ஜெபத்தை முடிப்பதில்லை. என் மகளுக்கு முதலில் ஜெபிக்கத் தெரிந்த பெயர் அதுதான்.

பிரியமானவர்களே, யாரையாவது எடுத்துப்போடும் என்று நீங்களும் ஜெபித்துக்கொண்டிருக்கலாம். கேட்டது நடக்கவில்லையே என்று சோர்ந்து போகாதீர்கள். என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிடமாட்டார், நம்பி வாருங்கள். வாசலில் நான்தான் நிற்பேன். கடைசி வரிசையைக் கடக்கும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக நடந்து போங்கள்.