தளேகாவிலிருந்து பாஷாணுக்கு ஐஸ் இல்லாமல் போன என்சைம்

சோதனைக் குழாயோடு லோக்கல் ரயில் ஏறுகிறவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். இருந்தால், அவர்களுக்காக இது. எனக்குக் கோர்வையாக எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மகள் கவிதா தட்டச்சு செய்கிறாள்.

சென்ற மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. என்சைமைச் சுற்றிப் படிகம் வளர்ப்பது கவிதாவின் வேலை. படிகம் முழுக்க நுண்துளை. என்சைம் மாற்ற வேண்டிய மருந்துச்சரக்கு உள்ளே போகும், என்சைம் வெளியே வராது. அடைபட்டது உள்ளே எப்படி அசைகிறது என்று காட்டும் இயந்திரம் பாஷாணில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அன்று ஒரு மணிக்கு அவள் முறை. தவறினால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். விடியற்காலையே கிளம்பிப் போனவள், என்சைம் குழாய்கள் இருந்த டப்பாவை வீட்டு ஃபிரிட்ஜிலேயே விட்டுவிட்டாள்.

9.20க்கு போன் வந்தது. "சிவப்பு மூடி டப்பாப்பா. ஃப்ரீசர்ல ரெண்டு ஐஸ் பாட்டில் இருக்கு, ரெண்டு பக்கமும் வெச்சு எடுத்துட்டு வா."

வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். பிம்ப்ரி பக்கம் ஒரு சின்ன மருந்துக் கம்பெனியில் என்சைம் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவன் நான். குளிர் அறையில் உறைந்து கெட்டுப்போன நாலு டிரம் என்சைமைச் சாக்கடையில் கொட்டிய நாள் இன்றும் கண்ணில் நிற்கிறது. அதனால் ஈரத்துணி மட்டும் சுற்றினேன்.

தளேகாவில் 10.10 லோக்கல், டிக்கெட் பத்து ரூபாய். இறங்க வேண்டிய சிவாஜிநகருக்கு ஐம்பது நிமிஷப் பயணம்தான். காசர்வாடி தாண்டி எருமைகள் தண்டவாளத்தில் படுத்துக்கொண்டதால் ஒரு மணி பத்து நிமிஷம் நின்றோம். துணி காய்ந்தே போனது. டப்பாவைத் தொட்டால் வெதுவெதுப்பு.

12.10க்கு இறங்கினேன். பாஷாணுக்கு ஏழு கிலோமீட்டர், ஆட்டோ 140 ரூபாய். ஓட்டுநர் டப்பாவைப் பார்த்து, "காகா, மச்லி ஹை க்யா?" என்றார். மீன் இல்லையப்பா, அதைவிடச் சீக்கிரம் கெடும் என்று இந்தியில் சொன்னேன். அப்புறம் அவர் ஓட்டிய வேகம் எனக்கே பயமாக இருந்தது.

12.45. கவிதா வாசலில் நின்றாள். "ஐஸ் எங்கப்பா?"

"உறைஞ்சிடும்னு எடுத்துட்டேன்மா."

"நடுவுல தெர்மாகோல் வெச்சிருந்தேனே, உறையாதுப்பா. போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல?" கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

குழாய் இரண்டு: ஒன்றில் வெறும் என்சைம், மற்றதில் படிகத்துக்குள் இருப்பது. ஒவ்வொன்றிலும் ஒரு துளி எடுத்துச் சோதனை மருந்து விட்டாள். என்சைம் வேலை செய்தால் மஞ்சளாக வேண்டும். வெறும் என்சைம் வெளுத்துக் கிடந்தது. மற்றது மெல்ல மெல்ல, கடலைமாவு கரைத்த மாதிரி மஞ்சளானது.

"படிகம் காப்பாத்திடுச்சு," என்றாள். "வெறும் என்சைம் இங்கேயே இன்னொண்ணு இருக்கு. நீ மோர் குடி."

மூன்று மணிக்கு இயந்திரத்தின் திரையைக் காட்டினாள். என்சைமில் அவள் ஒட்டவைத்திருக்கும் சிறு அடையாளம் எப்படி ஆடுகிறதோ, அதற்கேற்பக் கோடு வளையுமாம். படிகத்துக்கு வெளியே இருப்பது துள்ளுகிறது. உள்ளே இருப்பது மெதுவாக, ஆனாலும் அசைகிறது. இருபத்தெட்டு வருஷமும் என்சைம் வேலை செய்ததா இல்லையா என்று மட்டும்தான் நாங்கள் பார்த்தோம்.

போகிறவர்களுக்கு: மதியம் லோக்கல் குறைவு, காலையிலேயே ஏறுங்கள். பொதி கட்டியவர் சொன்னபடியே கொண்டுபோங்கள். சந்தேகம் வந்தால் போன் செய்யுங்கள். பாஷாணிலிருந்து திரும்ப ஆட்டோ கிடைப்பது சிரமம்.

மாலை ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. உட்கார்ந்ததுதான் தெரியும். தளேகாவில் ஒரு அம்மா தோளைத் தட்டி எழுப்பினார்.