கடைசிப் பக்கத்து வீடுகள்

ஈரச் சுவெட்டரும் புது அச்சு மையும் கலந்த வாசனை வந்தால், சனிக்கிழமை என்றும் மிஸ் வந்துவிட்டார் என்றும் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தின் ஒற்றை வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் எங்களுக்குத் தெரிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் பிறந்து அம்பிட்டியவில் குடியிருந்த அவர், கண்டியில் ஒரு பதிப்பகத்தில் சிறுவர் நூல்களின் பதிப்பாசிரியராக இருந்தார். எந்தக் கதையையும் அச்சுக்குக் கொடுக்குமுன் எங்கள் "இஸ்தோப்பு"க்கு, அதாவது "காம்பரா" எனும் ஒற்றை அறை வீட்டின் முன் தாழ்வாரத்துக்கு, எடுத்து வந்து வாசித்துக் காட்டுவார். வாசிக்கும்போது எங்கள் கால்களையே பார்த்திருந்து, அவை ஆடத் தொடங்கும் வரியில் பென்சிலால் கோடு போடுவார். "முகம் மரியாதைக்குப் பொய் சொல்லும், பிள்ளையள். கால் சொல்லாது" என்பார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கொழுந்து பறிக்கும் அம்மாவும் லயத்துப் பிள்ளையும் கதையில் வரலாம் என்பதை, மிஸ் பதிப்பித்து மலைநாட்டுப் பள்ளிகள் பலவற்றுக்குப் போன புத்தகங்களில்தான் கண்டேன்.

நான் ஐந்தாம் தரத்தில் இருந்தபோது, அடைமழையில் மேட்டு மண் சரிந்து கடைசிக் காம்பராவை மூடியது. என் வகுப்புச் செல்வியை மறுநாள்தான் வெளியே எடுத்தார்கள்.

அதைக் கதையாக்கலாமா என்று மிஸ் செல்வியின் அம்மாவிடம் கேட்டார். அவர், "எழுதுங்க மிஸ். ஆனா புள்ள பொழைச்சிருச்சுன்னு மட்டும் எழுதிறாதீங்க. அப்புறம் நான் எங்க போயித் தேடுவேன்?" என்றார்.

பதிப்பக முதலாளி அதைத்தான் கேட்டார். பிள்ளை பிழைக்க வேண்டும், தோட்டத்தில் எல்லோருக்கும் புது வீடு கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்தப் பள்ளியும் வாங்காது என்றார். அந்த முடிவையும் மிஸ் எங்களிடம் கொண்டுவந்து வாசித்தார்.

"வூடு குடுத்துட்டாங்களாம்டி! நம்மகிட்ட மட்டும் சொல்லாம வுட்டுட்டாங்க!" என்றாள் என் பக்கத்தில் இருந்த ரஞ்சனி. மண் சரிந்த பிறகு அன்றுதான் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மிஸ் சிரிக்கவில்லை. தாள்களை மடித்து, "இதை நான் போடமாட்டன்" என்றார்.

போடவில்லை; வேலை போயிற்று. அதன்பின் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளி, நான் உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம் இறந்தார். பதிப்பகத்திலிருந்து சாவு வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை.

இன்று நான் இதே மலையில் ஆசிரியை. அவர் போட்ட புத்தகங்களில் ஒன்றுகூட இப்போது வாங்கக் கிடைப்பதில்லை. முதலாளி கேட்ட முடிவோடு, வேறொருவர் பதிப்பித்த அந்தக் கதை மட்டும் எங்கள் பள்ளி நூலகத்துக்கு வந்திருக்கிறது; அதன் கடைசிப் பக்கத்தில் சிவப்புக் கூரை வீடுகள் வரிசையாக நிற்கின்றன. போன வாரம் அதை வீட்டுக்கு எடுத்துப்போன ஒரு சிறுமி, எங்கள் பழைய லயத்திலிருந்து வருகிறவள், மறுநாள் அந்தப் பக்கத்தை விரித்து என் முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சர், இந்த வீடெல்லாம் எந்தப் பக்கம் இருக்கு? அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"இன்னும் கட்டலம்மா" என்று சொல்லி, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, செல்வியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.