மூன்றாவது சிலிண்டரில் இருந்தவர்

மாமாவின் கொட்டகையில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று முதலில் சொன்னது நான்தான். அந்தக் கொட்டகைக்குக் கதவே கிடையாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பள்ளி விடுமுறைக்கு என்னைச் சுங்கை லாலாங்கில் இருந்த மாமா வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்கு ஒன்பது வயது. வீட்டுக்குப் பின்னால் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள், அதற்கு முன்னால் தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் மாமாவின் ரேஸ் கார். நானூறு மீட்டரைக் கண் மூடித் திறப்பதற்குள் நேராக ஓடி முடிக்க வேண்டிய கார் அது. நான் இருந்த நாள்களில் அது நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

தட்டும் சத்தம் இஞ்சினுக்குள்ளிருந்துதான் வந்தது. முடுக்கினால் வேகமாகத் தட்டும். விட்டால் நிதானமாகத் தட்டும். மாமா நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை இஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்பார். பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் மின்வயரைப் பிடுங்கிப் பார்ப்பார். மூன்றாவதைப் பிடுங்கியதும் சத்தம் அடங்கிவிடும். "மூணுலதான் இருக்கான்" என்பார். அவர் சொன்னது தேய்ந்துபோன பேரிங்கை. எனக்கும் அத்தைக்கும் வேறொரு ஆள்தான் நினைவுக்கு வந்தார்.

அந்த இஞ்சின் மாமாவின் கூட்டாளியுடையது. ஜித்ரா பக்கம் ரேஸ் ஓட்டப் போன அந்த மனிதர் திரும்பி வரவில்லை. கார் அப்பளமாக நொறுங்கியது. இஞ்சினுக்கு ஒரு கீறல் இல்லை. அதை வாங்கித் தன் காரில் மாட்டியதைச் செத்தவருக்குச் செய்த மரியாதையாக மாமா நினைத்தார். அத்தைக்கு அப்படித் தோன்றவில்லை. கூட்டாளியின் மனைவிக்கும் அத்தையின் வயதுதான். அவளுடைய தாலியைக் கழற்றிய நாளில், பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது அத்தைதான்.

நான் போவதற்கு முன்பே முனியாண்டி கோயில் வாசலில் காருக்குப் பூசை போட்டிருந்தார்கள். பானெட்டில் திருநீறு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம், முனிக்குச் சுருட்டும் பீரும், எல்லாம் முறைப்படிதான் நடந்ததாம். ஆனாலும் இஞ்சின் தட்டியது. ரேஸ் நெருங்கிய அவசரத்தில் மாமா அதைப் பிரித்து, எண்ணெய் பம்பைத் திட்டிவிட்டுப் புதுப் பேரிங் போட்டார். மறுபடியும் தட்டியது. இந்த முறை இஞ்சின் தண்டைக் கடைந்து கொடுத்த லேத் கடைக்காரர் திட்டு வாங்கினார். மூன்றாம் முறையாக இஞ்சினை மூடிவிட்டு, மாமா எண்ணெய் வாங்கப் பாடாங் செராய்க்குப் போனார்.

மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த மத்தியானம் அது. அத்தை கொட்டகையில் தனியாக நிற்பதைப் பார்த்தேன். இஞ்சினில் எண்ணெய் ஊற்றும் துளையின் மூடியைத் திறந்து, சாமி மேடையிலிருந்த திருநீற்றுத் தட்டை அப்படியே உள்ளே கவிழ்த்தார். யாரையோ தூங்கவைப்பதுபோல இஞ்சினை மெல்லத் தட்டியும் கொடுத்தார். நான் நிற்பதைப் பார்த்து, "சாமி வெளிய இருந்தா போதாது லா, உள்ள இருக்கணும்" என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. பேய் உள்ளே இருக்கும்போது பானெட்டில் பூசி என்ன பயன்?

அடுத்த நாள் முடுக்கியதும், இதுவரை இல்லாத ஆத்திரத்தோடு தட்டியது.

மாமா இம்முறை அவசரப்படவில்லை. பிறைத்துண்டுகள் மாதிரி இருந்த பேரிங்குகளைக் கழற்றிப் பழைய பேப்பரில் பரப்பினார். "எண்ணெ வராம காஞ்சிருந்தா நீலம் பாரிச்சிருக்கும். அடி வாங்கியிருந்தா ஒரு பாதிதான் நசுங்கியிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டும் இல்லை. சுற்றிச் சுற்றிக் கீறல்கள். உள்ளே இருந்தவர் வெளியே வர நகத்தால் பிறாண்டியிருக்கிறார் என்று நான் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

மாமா ஊசியால் ஒரு கீறலைக் குத்தினார். வெள்ளையாக ஏதோ பொடி பதிந்திருந்தது. எழுந்து போய் எண்ணெய் மூடியைத் திறந்து, விளிம்புக்கடியில் விரலை விட்டுத் தடவினார். எண்ணெய் படாத இடுக்கில் கொஞ்சம் காய்ந்தே இருந்தது. மோந்து பார்த்தார். அத்தையைக் கூப்பிட்டார்.

"எத்தன தடவ போட்ட?"

"மொதல்ல மாட்டுனப்ப. அப்பறம் நீங்க இஞ்சின மூடுன ஒவ்வொரு தடவையும்."

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடி பைத்தியமே, பேயும் இல்ல பிசாசும் இல்ல. இது தட்டுனதே ஒன் துன்னூறாலதான்!"

அத்தை சிரிக்கவில்லை. "தெரியும்" என்றார்.

"என்னா தெரியும்?"

"மொத தடவ தெரியாது, சாமின்னுதான் போட்டேன். அப்பறம் நீங்கதான சோறு சாப்புடறப்ப சொன்னீங்க, எண்ணெயில தூசி சேந்தாலே பேரிங்க தின்னுரும்னு. அதுலேர்ந்து தெரிஞ்சுதான் போட்டேன். நாளைக்கி மாட்டுனீங்கன்னா நாளைக்கும் போடுவேன்."

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. எதற்கும் பயப்படாதவர் என்று நான் நம்பியிருந்த மாமா, டயர்மேல் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல அத்தையைப் பார்த்தார். பிறகு பேரிங்குகளைப் பேப்பரோடு சுருட்டி எறிந்தார். அந்த இஞ்சின் அதன்பிறகு மூடப்படவே இல்லை. திருநீறு பேயை ஜெயித்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அன்று சாயங்காலம் அத்தை சோறு போட்டுக் குழம்பு ஊற்றினார். மாமா கை வைக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்புடுங்க" என்றார் அத்தை. "இதுல ஒண்ணும் போடல."

உப்பைச் சொல்கிறார் என்று நினைத்து நான் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.