ஐஸ் கம்பெனி டீமின் பதினோராவது ஆள்

வீரணன் மதுரைக்கு வந்தபோது ஹாக்கி என்றால் திங்கிறதா குடிக்கிறதா என்றுகூட அவனுக்குத் தெரியாது. உசிலம்பட்டிப் பக்கம் மழை பொய்த்த வருஷம், தங்கை முத்துத்தாயைக் கூட்டிக்கொண்டு பிழைக்க வந்தவன். செல்லூரில் வைகையை ஒட்டி ஓர் ஐஸ் கம்பெனி இருந்தது. அங்கே பாளம் தூக்கும் வேலை கிடைத்தது. சாக்கும் மரத்தூளும் சுற்றிய ஐஸ் பாளத்தை முதுகில் ஏற்றி வண்டியில் போட வேண்டும், வண்டி ஆற்றைத் தாண்டிச் சிம்மக்கல் கடைகளுக்குப் போகும். சித்திரை வெயிலிலும் முதுகு விறைத்துப்போகிற வேலை அது.

முதலாளி சிவசங்கரன் சென்னையில் படித்தபோது ஹாக்கிப் பைத்தியம் பிடித்து வந்தவர். முப்பத்தொன்றாம் வருஷம் ஒருநாள், பாளம் தூக்குகிறவர்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கொரு ஸ்டிக்கைக் கையில் கொடுத்தார். காலையில் பாளம், சாயங்காலம் பந்து, இரண்டுக்கும் சேர்த்துச் சம்பளம். அதுவரை மதுரையில் ஹாக்கி ஆடியவர்கள் காலேஜ் பிள்ளைகளும் ஆபீஸ்காரர்களும்தான். "கூலிக்கு ஆடுற பயலுக" என்று மூக்கைச் சுளித்தார்கள். சுளித்த மூக்குகளை எல்லாம் இந்தப் பயல்கள் வெறுங்காலோடு ஆடியே உடைத்தார்கள், சும்மா சொல்லக் கூடாது.

வீரணன் சென்டர் ஃபார்வர்டு. இடது பக்கம் ஹாஃப் பேக்காக நின்றவன் காளை. கூட வேலை பார்த்தவன், பிறகு முத்துத்தாயைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையும் ஆனான். இவர்கள் ஆட்டத்தில் ஒரே ஒரு தந்திரம்தான் உண்டு. வீரணன் திரும்பியே பார்க்க மாட்டான். கோலைப் பார்த்து ஓடிக்கொண்டே "காளை!" என்று ஒரு சத்தம் கொடுப்பான். பந்து அவன் காலடிக்கு வந்து சேரும். அஞ்சு வருஷம் இப்படியே ஆடி அவன் நாக்குக்கு அது பழகிவிட்டது.

முப்பத்தாறில், பங்குனி மாதத்து நடுப்பகலில், வண்டியில் ஏற்றும்போது பலகை சரிந்தது. மேலே இருந்த பாளம் இறங்கி வந்து காளையின் நெஞ்சில் உட்கார்ந்தது. இழுத்துப் போடுவதற்குள் பாதி கரைந்திருந்தது. மரத்தூளும் தண்ணீருமாகக் கிடந்தவன், பொழுது சாய்வதற்குள் போய்விட்டான்.

காடாற்று முடிந்த மறுநாளே முதலாளி வந்தார். வீரணனைத் தனியே கூப்பிட்டார்.

"இப்போ கேக்கக் கூடாதுதான் வீரணா. கோப்பை ஆட்டம் ஆரம்பிச்சாச்சு. இந்த வருஷமும் தோத்தா இந்த டீமை வச்சு நடத்த என்னால முடியாது. ஜெயிச்சுட்டா உன் தங்கை அந்த லைன் வீட்டிலேயே இருக்கட்டும். கம்பெனி வீடு, வேலை பாக்கிற ஆள் இருக்கிற வரைக்கும்தானே குடுக்கிறது?"

மனுஷர் கெட்டவர் இல்லை. ஆனால் கெட்டவர்கள் என்ன பேசுவார்களோ அதைத்தான் பேசினார். தங்கையை இந்த நிலையில் தெருவில் நிறுத்த முடியுமா? சரி என்று வீரணன் தலையாட்டினான். காளைக்குப் பதில் ஆள் கிடைக்காமல் பத்துப் பேராகவே இறங்கினார்கள்.

செத்தவரைக் கருமாதி முடிகிற வரைக்கும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். 'போனவரு' என்றுதான் சொல்ல வேண்டும். போகிற வழியில் இருக்கிற உயிர், பெயர் கேட்டால் திரும்பிவிடுமாம். இது தெரியாதவனா வீரணன்? ஆனால் செல்லூர்க் கண்மாய்க்கரை மைதானத்தில் திண்டுக்கல் டீமோடு ஆடியபோது, கோலுக்கு நேரே வழி திறந்த அந்த ஒரு கணத்தில் நாக்கு முந்திக்கொண்டது.

"காளை!"

கத்திய பிறகுதான் உறைத்தது. அதற்குள் பந்து வந்துவிட்டது. இடது பக்கத்தில் யாருமே இல்லை, ஆனாலும் வந்தது. கை பழக்கத்தில் அடித்துவிட்டான், கோல் விழுந்தது. கூட்டம் கத்தியது. பந்தை எடுத்து நடுவில் வைக்கக் குனிந்தவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். அந்த வெயிலில் பந்து சில்லென்று நனைந்திருந்தது. அதில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

கோல் காத்த பேயாண்டி, பெயர்தான் அப்படி, பயந்த சுபாவம். ஆட்டம் முடிந்ததும் வீரணனின் கையைப் பிடித்துக்கொண்டான். "அடப்பாவி, பேரச் சொல்லிப்புட்டியேப்பா! போறவர நிறுத்திப்புட்டியே!"

"வாய் தவறிருச்சுப்பா. இனிமே சொல்ல மாட்டேன்."

அடுத்த ஆட்டத்தில் சொன்னான். வாய் தவறி அல்ல, வேண்டுமென்றே சொன்னான். தூத்துக்குடி டீம் ஒரு கோல் முன்னால் போயிருந்தது. தங்கச்சி வீடு, தங்கச்சி வீடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கூப்பிட்டான். கூப்பிட்ட போதெல்லாம் பந்து வந்தது. ஜெயித்தார்கள். முதலாளி துண்டைச் சுழற்றிக் குதித்தார்.

ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கிற இடத்தில் தூத்துக்குடி ஆள் ஒருவன் வீரணனிடம் வந்தான். "அண்ணே, ஒங்க லெஃப்ட் ஹாஃப் நல்லா ஆடுறாரு. ஆனா ஏண்ணே அவரு மட்டும் தொப்பலா நனைஞ்சிருக்காரு?"

வேர்வை என்று சொல்லிவிட்டு வீரணன் நடந்தான்.

நேரே தங்கை வீட்டுக்குப் போனான். முத்துத்தாய் பின்பக்கம் கால் கழுவுகிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கல்லைச் சுற்றி ஈரம். அதில் கண்மாயின் கரும்பழுப்பு வண்டல், புதுசாக. அவள் முகத்தில் பயமே இல்லை. அதைப் பார்த்துத்தான் இவன் பயந்தான்.

"அவரு வாராருண்ணே" என்றாள். "நீங்க ஆடுன அன்னிக்கெல்லாம் வாராரு. பொழுதெறங்க வந்து காலக் கழுவுறாரு. மொதத் தடவ எனக்குச் சந்தோசமா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். இன்னிக்குப் பாத்தேன், பாதம் பூராம் வெடிச்சுக் கெடக்கு. கழுவுன தண்ணி செவப்பா ஓடுது. சோறு வச்சா திரும்பிக்கூடப் பாக்கல. நிக்கவே முடியலண்ணே அவருக்கு."

"இன்னும் ஒரே ஆட்டந்தான் தாயி. கப்பு வந்துட்டா இந்த வீடு ஒனக்கு நெலைச்சிரும்."

"வீட்ட யாரு கேட்டா?" என்றாள் முத்துத்தாய். "அவர விட்ருண்ணே."

வீரணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். தங்கைக்காகத்தான் செய்கிறோம் என்று ஒருவன் முடிவு கட்டிவிட்டால், அந்தத் தங்கையே சொன்னாலும் காதில் ஏறாது போலிருக்கிறது.

கடைசி ஆட்டம் திருச்சி டீமோடு. கருமாதிக்கு முந்தின நாள். கண்மாய்க்கரை முழுக்க ஜனம். திருச்சிக்காரர்கள் சூரப்புலிகள், பாதி ஆட்டத்துக்குள் இரண்டு கோல் போட்டுவிட்டார்கள். பேயாண்டி கோலில் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டான், வேண்டாம் என்று. வீரணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூப்பிட்டான். பந்து வந்தது, ஒரு கோல். மறுபடி கூப்பிட்டான், இன்னொரு கோல்.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது வீரணன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தான். ஆள் இல்லை. காய்ந்த மண்ணில் ஈரமான காலடிகள் மட்டும் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. இடது கால் முழுசாகப் பதிந்தது. வலது கால் இழுபட்டு இழுபட்டு வந்தது. அதற்கு முன்னால் பந்து, தள்ளாடுகிற மாதிரி மெல்ல உருண்டு வந்தது. பார்த்துவிட்டான். பார்த்த பிறகும், "சீக்கிரம் காளை!" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவனால் பிறகு தன்னையே மன்னிக்க முடியவில்லை.

அப்போது கூட்டம் ஒரு பக்கமாக விலகியது. முத்துத்தாய் வந்து நின்றாள். கருமாதி முடியாத பெண் வாசலைத் தாண்டுவதே இல்லை, அவளோ ஆம்பளைகள் ஆயிரம் பேர் நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டாள். அம்பயர்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அந்த ஈரக் காலடிகளை அவளும் பார்த்தாள். பார்த்ததும் கோட்டைத் தாண்டி உள்ளே நடந்து வந்தாள்.

"காளை!" என்று கூப்பிட்டாள்.

கட்டினவன் பெயரை எந்தப் பெண் அப்படி வாய்விட்டுச் சொல்லுவாள்? சர்க்கார் கேட்டாலும் கோர்ட்டு கேட்டாலும் பக்கத்தில் இருக்கிறவரைச் சொல்லச் சொல்லுவார்களே தவிர, தன் வாயால் சொல்ல மாட்டார்கள். அவள் மறுபடியும் சொன்னாள், சத்தமாகச் சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போது அவள் குரல் உடைந்துபோனது.

பந்து நின்றுவிட்டது. ஈரக் காலடிகள் அதற்கு மேல் விழவில்லை. விழுந்தவையும் வெயிலில் ஒவ்வொன்றாகக் காய்ந்து மண்ணோடு மண்ணாயின. திருச்சிக்காரன் ஒருவன் வந்து பந்தைத் தட்டிக்கொண்டு போனான், தடுக்க ஒருவரும் நகரவில்லை. வீரணன் ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதான்.

தோற்றார்கள். அந்த மாதமே முதலாளி டீமைக் கலைத்தார். கோல் பலகைகளைப் பிரித்து ஐஸ் வண்டிக்கு அடிப்பலகையாகப் போட்டார்கள். ஐஸ் கம்பெனியின் ஹாக்கி சரித்திரம் அவ்வளவுதான். லைன் வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு, வீரணன் ஒரு மாட்டு வண்டி பிடித்துத் தங்கையையும் சட்டிபானைகளையும் ஏற்றினான். வைகையோரமாக வண்டி போய்க்கொண்டிருந்தது. வீரணனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, ஒரு நா ஒரு பொழுது ஒன் வாயில அவன் பேரு வந்ததில்லையே. எப்பிடிச் சொல்ல மனசு வந்துச்சு?"

முத்துத்தாய் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புருசன் பேரச் சொன்னா அவரு ஆயுசு கொறையும்னுதான சொல்லாம இருந்தேன்? இம்புட்டு வருசமும் அந்தப் பயத்துல நாக்கக் கடிச்சுக்கிட்டு இருந்தேண்ணே. கொறைஞ்சா கொறையட்டும்னுதான் சொன்னேன். மிச்சம் இருந்தா அதையும் நீங்க வேலைதான வாங்குவீக."