அத்தையின் தலையில் பேன்

பேனைக் கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே வைத்துக் குத்தும்போது "டிக்" என்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே விட்டுவிடலாம். எனக்கு அது பிள்ளைப் பருவத்தின் இனிய சத்தங்களில் ஒன்று. இதைச் சொல்ல நான் வெட்கப்படுவதாக இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில், என் ஏழாவது வயதில், கருவேப்பிலங்குறிச்சியில் இருந்த அம்மா, மூன்று பெண்களில் நடுப்பெண்ணான என்னை, பிள்ளையில்லாத தன் அண்ணனுக்கும் அண்ணிக்கும் வளர்க்கக் கொடுத்தாள். மாமாவுக்கு விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் வேலை. பக்கத்திலேயே லைன் வீடு. விட்டுப் போகும்போது அம்மா சொன்னது ஒன்றுதான்: "தை வரைக்கும் இருக்கட்டும் அண்ணி. புள்ள ஏங்கிப்போச்சுன்னா வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்." இந்த ஒரு பேச்சு அத்தையைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

நாற்பது வயதில் திடீரென்று ஒரு பிள்ளை வந்தால் என்ன செய்வதென்று இருவருக்குமே தெரியவில்லை. வந்த விருந்தாளியைப் போல என்னை உபசரித்தார்கள். நான் ஒரு தும்மல் தும்மினால் மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுவார். கம்பெனியில் கோணலாகிப்போன கிண்ணங்களாகக் கொண்டுவந்து விளையாட அடுக்குவார். அத்தையோ, நான் சோறு போதும் என்றால்கூடக் கலங்கிப்போய், "புடிக்கலியா கண்ணு?" என்பாள். என்னை யாரும் அதட்டவே இல்லை. வேற்று வீட்டில் இருக்கிறோம் என்பதை அந்த மரியாதைதான் எனக்கு ஓயாமல் நினைவூட்டியது.

மார்கழியில் பள்ளிக்கூடத்திலிருந்து தலை நிறையப் பேனோடு வந்து சேர்ந்தேன். அத்தை வெலவெலத்துப் போனாள். "ஐயையோ, ஒங்கம்மா பாத்தா என்னா சொல்லுவா? புள்ளய வளக்கத் தெரியலன்னு தூக்கிக்கிட்டுப் போயிடுவாளே!" சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துத் தடவினாள், பேன்சீப்பால் மண்டைத் தோலையே உரித்தாள். பேன் போன பாடில்லை. கடைசியில், கொளஞ்சியப்பருக்கு இல்லாத வேண்டுதலைச் சொல்லி எனக்கு மொட்டை போட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். சாமி பேரில் பொய்யா என்று மாமா தயங்கியபோது, "சாமிக்குப் புரியுங்க, ஒங்க தங்கச்சிக்குத்தான் புரியாது" என்று வாயை அடைத்துவிட்டாள்.

மொட்டைக்கு நாள் பார்த்த அதே வாரம், தைக்குக் காத்திராமல், அம்மா பஸ் ஏறி வந்து நின்றாள். வந்ததும் என்னை மடியில் இழுத்துத் தலையைக் கோதினாள். விரல்கள் அப்படியே நின்றன. அத்தை சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, "தெனமும் சீவிதான் வுடறேன், சத்தியமா" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். அம்மாவோடு போகவேண்டும் என்றுதான் அத்தனை நாளும் ஏங்கியிருந்தேன். அத்தை அழுததைப் பார்த்ததும் போகக்கூடாது என்று இருந்தது.

அம்மா அத்தையின் கையைப் பிடித்துத் தன் முன்னால் உட்காரவைத்து, கொண்டையை அவிழ்த்தாள். கொஞ்ச நேரத்தில் "டிக்" என்றது.

"ஒங்க தலையிலயும் இருக்குது அண்ணி, நல்லாக் கொழுத்துப்போயி!" என்று சிரித்தாள். "ரெண்டு தலையும் ஒரே தலகாணியில கெடந்தாத்தான் இப்பிடி ஏறும். மூணு பொட்டப்புள்ளைங்கள வச்சிக்கிட்டு இவள மட்டும் அணைச்சிப் படுக்க எனக்கு என்னிக்கு வாய்ச்சிது? தையாவது ஒண்ணாவது. இங்கயே இருக்கட்டும்."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் தன் முன்னால் இழுத்து உட்காரவைத்தாள். அம்மா அத்தைக்கு, அத்தை எனக்கு என்று மூவரும் வரிசையாக உட்கார்ந்து, சாயங்கால பஸ் வரும்வரை பேன் பார்த்தோம். மறுநாள் சோற்றைச் சிந்தியதற்கு அத்தை என்னை முதன்முதலாக அதட்டினாள். நான் சிரித்துவிட்டேன்.

அந்த லைன் வீடுகளை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். ஷாம்பு வாசம் வீசும் என் பேத்தியின் தலையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. மாமா, அத்தை, அம்மா மூவருமே போய்விட்டார்கள். அத்தைக்கு நான் மகளாக இருந்தேன், அதில் குறையில்லை. ஆனால் அன்று வரிசையில் கடைசியாக உட்கார்ந்திருந்த அம்மாவின் தலையை யாரும் பார்க்கவில்லை. எழுந்து அவளுக்குப் பின்னால் போய் உட்கார வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.