குடம் பாட்டுத் தாள்

மும்பை மாட்டுங்கா நூலகத்தில் அவனுடைய காகிதங்களுக்குத் தனி அலமாரி ஒதுக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தாராவியில் எங்கள் நாடகக் குழுவுக்குப் பாட்டு எழுதியவர்கள் இரண்டே பேர், அவனும் நானும். அவன் போய் ஒரு வருஷம் ஆகிறது. செத்தவன் மேல் என்ன பொறாமை என்று கேட்பீர்கள். இருந்தது ஐயா, வயிறு எரிந்தது. என்னிடம் இருந்த பாட்டுத் தாள்களையெல்லாம் சான்பாடாவுக்கு வீடு மாறியபோது பழைய பேப்பர்காரனிடம் நானே எடைக்குப் போட்டிருந்தேன்.

பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் நூலகப் பெண்ணுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். நான் உதவுகிறேன் என்று வலியப் போய் நின்றேன். "உங்களுக்கு நல்ல மனசு அங்கிள்" என்றாள். நல்ல மனசாவது, மண்ணாவது! எனக்கு ஒரு தாள் வேண்டியிருந்தது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். ஒருவன் எழுதிய பாட்டை மற்றவன் சிவப்புப் பென்சிலால் திருத்த வேண்டும். நல்ல பிரதி ஆர்மோனியக்காரரிடம் போகும், திருத்திய தாள் திருத்தியவனிடமே தங்கிவிடும். நோட்டீஸில் எழுதியவன் பெயர் மட்டும் வரும். என் பெயரைச் சொன்னால் தாராவியில் இன்றைக்கும் ஒரே பாட்டைத்தான் சொல்வார்கள். டிராம்பேக்கு வேலைக்குப் போய்த் திரும்பாத புருஷனை நினைத்து, தெருக்குழாயடியில் ஒருத்தி பாடுவது. "கண்ணீர்க் கடலில் ஓடமானேன்" என்று எழுதியிருந்தேன். அவன் அதை அடித்துவிட்டு, "குடம் நெறைஞ்சு போச்சு, ஒன்னத்தான் காணோம்" என்று மேலே எழுதினான். "ஏலே, கொழாயடியில நிக்கவ கடலப் பத்தியா பாடுவா?" என்று சிரித்தான். சபை அழுதது அந்த வரிக்குத்தான். "அது எப்படி அண்ணாச்சி வந்துச்சு?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "தானா வந்துச்சு" என்றேன்.

மூன்றாவது பெட்டியில் தாள் கிடைத்தது. நூலகப் பெண் சாய் வாங்கப் போன நேரம் பார்த்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தவள், பெட்டியின் அடியில் கிடந்த, அவன் கைப்பட எழுதிய லிஸ்ட்டை எடுத்து வாசித்தாள். "கு...டம் பாட்டு. அரே அங்கிள், இதுக்கு நேரா உங்க பேர் போட்டிருக்கு! 'அவன் பாட்டு, பத்திரம்'னு எழுதியிருக்காரு. அந்தப் பேப்பர் எங்க?"

நான் எடைக்குப் போட்டேன், அவன் பத்திரம் என்று எழுதி வைத்திருக்கிறான். பாட்டில் ஜெயித்தது போதாதென்று இதிலுமா? படுபாவி! அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

தாளை எடுத்து நீட்டினேன். "சிவப்புல இருக்க வரி அவனோடது. அப்படியே எழுதிக்கோம்மா."

"எழுதிக்கிறேன். ஆனா பழைய பேப்பரை மடிக்கவே கூடாது அங்கிள்!"

நீவி நீவிப் பார்த்தாள், கோடு போகவில்லை. பதிவேட்டில் தாளின் நிலை என்ற இடத்தில் எழுதினாள்: குறுக்கும் நெடுக்கும் மடிப்பு, புதிது. அந்த அலமாரியில் முழுக்க முழுக்க என்னுடையது அந்த மடிப்பு ஒன்றுதான்.