கழுத்தைத் திருப்பாமல் ஒரு கிரிவலம்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஊர்ப் பெயர் கேட்டாலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறவள் நான். பயணக் கட்டுரை எழுதும் துணிச்சல் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் இந்த 1984 கார்த்திகையில் திருவண்ணாமலையில் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்பாவுக்கு ஒரே ஆசை, மலை உச்சியில் தீபம் ஏற்றும் அந்த நொடியைப் பார்ப்பது. அதற்காக இரண்டு வருஷம் போனார். இரண்டு முறையும் கோபுர வாசல் கூட்டத்தில் கழுத்தை வளைத்து மேலே பார்த்தார், பொத்தென்று விழுந்தார். கண் விழித்தபோது தீபம் எரிந்துகொண்டிருந்தது. போளூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் இதற்கு உடனே தீர்ப்புச் சொன்னது: சாமி வருகிறது. வருகிற ஆடித் திருவிழாவில் அவருக்கு மாலை போட்டு முன்னால் நடத்திக் கூட்டிப்போவதாகவும் முடிவு செய்துவிட்டார்கள்.

வேலூரில் ஒரு டாக்டர் வேறு மாதிரி சொன்னார். கழுத்தில் நாடி துடிக்கும் இடத்தில், ரத்த அழுத்தத்தைக் கவனிக்கிற ஒரு சின்னப் பகுதி இருக்கிறதாம். அப்பாவுக்கு அது கொஞ்சம் ஜாஸ்தி கூச்சப்படுகிறதாம். இறுக்கமான காலர் அழுத்தினாலோ, தலையைச் சட்டென்று திருப்பினாலோ இதயத் துடிப்பு மந்தமாகி மயக்கம் வந்துவிடும். நடக்கலாம், ஆனால் கழுத்தில் எதுவும் அழுத்தக் கூடாது என்றார். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். நான் பட்டம் வாங்கிய பிறகுதான் அப்பா சட்டையின் மேல் பட்டனைப் போட ஆரம்பித்தார். டாக்டர் சொல்லியும் விடவில்லை. “பி.ஏ. படிச்ச பொண்ணோட அப்பன் கழுத்தத் தொறந்து போட்டுக்கினு போவானா?” என்பார்.

காலை ஏழு மணிக்குப் போளூரில் பஸ் ஏறினோம். அப்பா, அவர் தம்பியான என் சித்தப்பா, நான். முப்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் திருவிழா நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பெரிய கோயிலிலிருந்து நடையைத் தொடங்கினோம். மொத்தச் சுற்று பதினான்கு கிலோமீட்டர். மலை எப்போதும் வலப்பக்கம் இருக்கும், அதனால் எல்லாரும் தலையை வலப்பக்கம் திருப்பித் திருப்பிக் கும்பிட்டுக்கொண்டே நடப்பார்கள். அப்பாவுக்கு அது கூடாது. மலையைப் பார்க்க வேண்டுமானால் நின்று, உடம்போடு திரும்ப வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

சித்தப்பா விடவில்லை. “என்னாண்ணா, வண்டி மாட்டத் திருப்பற மாரி மொத்தமாத் திரும்பற?”

“இன்னாடா பண்றது, வண்டிக்காரி பின்னாலயே வர்றாளே!”

செங்கம் சாலையில் இரண்டு வெள்ளைக்காரர்கள் வெறுங்காலோடு எங்களை முந்திப் போனார்கள். எனக்கு ஒரே உற்சாகம். நிறுத்தி நிறுத்திப் போனதில் அடி அண்ணாமலை வருவதற்குள் பிற்பகல் மூன்றரை மணி ஆகிவிட்டது. அங்கே ஒரு பூக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். சித்தப்பா வாய் சும்மா இருக்குமா? “எங்க அண்ணனுக்குச் சாமி வரும்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டார்.

“சாமி வர்றவரா? வெறுங்கழுத்தோட வுடலாமா?” என்று பூக்கார அம்மா எழுந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தடிமனான சாமந்தி மாலை அப்பா கழுத்தில் இறுக்கமாக விழுந்தது. அப்பா உணர்ச்சிவசப்பட்டு மலைப் பக்கம் சட்டென்று தலையைத் திருப்பினார். முகம் வெளுத்தது. பெஞ்சிலேயே சாய்ந்தார்.

சுற்றி நின்றவர்கள் “அரோகரா” என்று கை கூப்பினார்கள். ஒருவர் இன்னொரு மாலையோடு ஓடி வந்தார்.

“மாலையக் கழட்டுங்க!”

அவ்வளவு சத்தமாகக் கத்தியது நான்தான். நானே மாலையை எடுத்தேன், சட்டைப் பட்டனைத் திறந்தேன், மல்லாத்திப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் அப்பா கண் திறந்தார்.

“தீபம் ஏத்திட்டாங்களா?”

“இல்லப்பா, இன்னும் நேரம் இருக்கு.”

பூக்கார அம்மா குனிந்து, “சாமி எதனா சொல்லிச்சாங்க?” என்றார்.

“சாமி எங்கம்மா வந்துச்சி? மாலதான் வந்துச்சி” என்றார் அப்பா.

நன்றாக ஓய்வெடுத்த பிறகு, சாலையை விட்டு மேற்கே வயல்வெளிக்குள் மெதுவாகப் போனோம். தூரம் போகப் போக மலை உச்சி கண்ணுக்கு நேராக இறங்கி வந்தது. ஒரு வரப்பில் அப்பாவை மலையைப் பார்த்து நேராக உட்காரவைத்தேன். தலையைத் தூக்கவே தேவையில்லை. சரியாக ஆறு மணிக்கு உச்சியில் ஒரு பொறி, பிறகு ஜுவாலை. நான் மலையைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தேன். அவர் விழவில்லை.

“அடேயப்பா! இப்பிடித்தான் ஆரம்பிக்குமா!” என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தீபத்தன்று இரவு பஸ்ஸில் ஏற முடியாது. தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். நாங்கள் மீதிச் சுற்றையும் மறுநாள்தான் முடித்தோம். மேலே பார்த்தாலோ கழுத்தைத் திருப்பினாலோ மயக்கம் வருகிறவர்கள் முதலில் டாக்டரிடம் போங்கள். கழுத்தை அழுத்திப் பார்க்கும் சோதனையை அவர்தான் செய்ய வேண்டும்; வீட்டில் யாரும் முயல வேண்டாம். யாராவது விழுந்தால் கூட்டத்தை விலக்குங்கள், கழுத்தில் இருப்பதைத் தளர்த்துங்கள், படுக்கவையுங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் ஊர் டீக்கடையில் இதை யாராவது சத்தமாகப் படிப்பார்கள் என்று தெரியும். நேரில் கேட்க எனக்கு வாய் வராது, அதனால்தான் இத்தனையும் எழுதினேன். பெரியவர்களே, ஆடித் திருவிழாவில் அப்பா உங்களுக்கு முன்னால் நடக்கட்டும், சந்தோஷம். மாலையை மட்டும் அவர் கையில் கொடுங்கள்.